நாலு தாளு

எந்திரிக்கலையேன்னு தப்பா நினைச்சுக்காதீங்கக்கா. கையெல்லாம் பூரணம். அந்த மணையில உக்காருங்க, ஈரமில்லை, இப்பத்தான் துடைச்சேன். ஒப்புட்டுக்கு மாவைப் பாதி தட்டிட்டு விட்டோம்னா ஓரம் காய்ஞ்சு போகும். அப்புறம் கல்லுல போட்டா வாயைப் பொளந்துக்கிட்டுப் பூரணமெல்லாம் வெளிய வந்துரும். நீங்க பாட்டுக்குக் கேளுங்க, நான் பாட்டுக்குத் தட்டறேன்.

நீங்க எதுக்கு அடுப்படிக்கு வந்தீங்கன்னு எனக்குத் தெரியுங்க. பொண்ணு குடுக்கறவங்க மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தா, ஆம்பளைங்க முன்பக்க ஆசாரத்துல உக்காந்து மழை பேஞ்சதையும் பேயாததையும் பேசுவாங்க. பொண்ணோட அத்தைக்காரி தண்ணி குடிக்கற சாக்குல உள்ள வந்து மூத்த மருமகளைப் பிடிப்பா. எங்கேயும் நடக்கறதுதானே. எனக்குப் பார்த்தப்ப இந்த வீட்ல மூத்த மருமகள்னு யாரும் இல்லை. எங்க அப்பா வீட்டு அத்தை பக்கத்து வீட்லதான் போய்க் கேட்டாங்க. அவங்க எல்லாமே நல்லாத்தான் சொன்னாங்க. அப்புறந்தான் தெரிஞ்சது, அந்த வீடும் இவங்களோடதுதான், அவங்க வாடகைக்கு இருக்கறவங்கன்னு.

நீங்க வருவீங்கன்னு எங்க மாமியாருக்கும் தெரியும். காலையிலயே என்னைக் கூப்பிட்டுப் பாடம் எடுத்துட்டாங்க. "இத பாரு அம்மிணி, நவநீதன் ரேஸு ஓட்டறதைப் பத்திக் கேட்டா, அதையெல்லாம் உட்டு ஒரு வருசமாச்சுன்னு சொல்லிப்போடு. அதுக்கு மேல வாயைத் தொறக்காதே. உனக்குத்தான் பேச வராதல்லோ, அப்பிடியே இருந்துக்கோ"ன்னாங்க.

நிஜந்தாங்க, எனக்குப் பேச வராது. எட்டாவதோட நின்னவ. நாலு பேரு இருக்கற இடத்துல என் பேரைக் கேட்டாக்கூட எங்க வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்ப்பேன். ஆனா பொய்யும் வராதுங்களே. ஒரு வருசமெல்லாம் கிடையாது. போன ஞாயித்துக்கிழமை கூட எங்க கொழுந்தனாரு ஓட்டினாரு.

அய்யோ, இருங்கக்கா, போயிராதீங்க. முழுசாக் கேட்டுட்டுப் போங்க. போன ஞாயித்துக்கிழமையோட சரி. அதுதான் கடைசி. 'ரேஸை உட்டாத்தான் பொண்ணு'ன்னு உங்க அண்ணன் சொல்லியனுப்பினப்பவே எங்க கொழுந்தனாரு தரகர்கிட்டச் சொல்லிட்டாரு. "ஏற்கெனவே பேரு குடுத்தது ஒண்ணு இருக்குதுங்க. அதை ஓட்டிட்டு உட்டுடறேன். இதை அவங்ககிட்டச் சொல்லிருங்க"ன்னாரு. தரகர் சொல்லலையாக்கும். அவரு எதைத்தான் சொன்னாரு.

அந்தக் கடைசி ரேஸுக்கு நானும் போயிருந்தேன். சனி, ஞாயிறு, ரெண்டு நாளும். அதனால ஊரு சொல்றதை விட்டுட்டு நான் பார்த்ததைக் கேளுங்க. இந்தக் கல்யாணம் நடக்கணும்னு இந்த வீட்ல என்னைவிட ஆசைப்படறவங்க யாரும் கிடையாது. மூணு வருசமா நான் ஒத்தை ஆளு. இடுப்புல குழந்தை மிருது, அடுப்புல உலை, தறிக்குடோன்ல ஏழு பேருக்கு டீ. உங்க பொண்ணு வந்தா ஒரு நாளைக்கு ஒரு சட்னியாவது அரைக்குமல்லோ.

ரேஸுன்னா நான் என்னமோன்னு நினைச்சேனுங்க. டிவியில காட்டற மாதிரி தார் ரோடு, பளபளன்னு காரு, இப்படி. போய்ப் பார்த்தா ஒரு செம்மண் காடு. கடலை புடுங்கின காடு மாதிரி இருக்குது. அதை உழுது, அமுக்கி, தண்ணி விட்டு, நீளவாட்டுல வட்டமா ஒரு தடம் போட்டு வெச்சிருக்காங்க. சுத்தியும் பழைய டயரை அடுக்கி, அதுக்குப் பின்னால சோளத்தட்டுக் கட்டு. அந்தத் தட்டைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிஞ்சது. எங்க அப்பா வீட்ல மாட்டுக்குத் தட்டு இல்லாம இருக்குது, இங்க காரு முட்டிக்கறதுக்கு அடுக்கியிருக்காங்க.

காராவது காரு மாதிரி இருக்குதான்னா, அதுவும் இல்லை. கதவு கிடையாது, சீட்டு ஒண்ணே ஒண்ணு, முன்னாடி கண்ணாடி கிடையாது. உள்ள குழாயை வளைச்சு வளைச்சு, கோழியைக் கவுத்து வைக்கற கூடை மாதிரி பண்ணி வெச்சிருக்காங்க. அதுக்குள்ள ஆளை உக்கார வெச்சு, குறுக்குக்கும் நெடுக்குக்கும் பட்டை போட்டுக் கட்டறாங்க. எதுக்குன்னு எங்க வீட்டுக்காரரைக் கேட்டேன். "உருண்டாலும் ஆளுக்கு ஒண்ணும் ஆகாது"ன்னாரு. உருளும்னு தெரிஞ்சேதானே கட்டறீங்க, அப்புறம் எதுக்கு ஏறணும்னு கேட்டேன். மனசுக்குள்ளதான் கேட்டேன். வெளிய கேட்கலை.

சரி, அப்படி ஏறி எங்கதான் போறாங்கன்னு பார்த்தா, எங்கேயும் போறதில்லைங்க! கிளம்பின இடத்துக்கே திரும்பி வர்றாங்க. மறுபடியும் கிளம்பறாங்க, மறுபடியும் அதே இடம். எட்டுச் சுத்து. எட்டாவது சுத்துல எவன் முதல்ல கிளம்பின இடத்துக்கு வர்றானோ அவன் ஜெயிச்சவனாம். நான் வாசல்ல கோலம் போடறப்ப மிருது செம்பைச் சுத்திச் சுத்தி ஓடுவா. அதுக்கு நான் கப்பு குடுத்ததில்லை.

முடிஞ்சதுக்கு அடையாளமா கட்டம் போட்ட ஒரு கொடியை ஆட்டறாங்க. அதை ஆட்டறதுக்கு ஒருத்தர், கறுப்புக் கண்ணாடி, தொப்பி, கழுத்துல அட்டை. அந்தத் துணியைப் பக்கத்துல போய்ப் பார்த்தேன். தறிக்காரங்க வீட்ல வாக்கப்பட்டவ, துணியைப் பார்த்தாக் கை சும்மா இருக்காது. நூலு ரெண்டாந்தரம், கட்டம் வேற கோணலு. எங்க மாமனாரு கைலி அதைவிட நல்லாருக்கும்.

மைக் பிடிச்சவன் ஒருத்தன். அவன் வாயை மூடினதை ரெண்டு நாள்ல நான் பார்க்கலை. "இதோ வந்துகொண்டிருக்கிறார், வந்துகொண்டிருக்கிறார், வந்துவிட்டார்!" எல்லாருக்குந்தான் கண்ணு இருக்குது, தெரியாதா? கோயமுத்தூர்ல இருந்து வந்த பசங்க கொஞ்சம் பேரு. சட்டையில அழுக்குப் பட்டா அங்கேயே நின்னு ஈரத்துணியில துடைச்சுக்கறாங்க. சேத்துல ஓட்ட வந்துட்டு அழுக்குப் பட்டா துடைக்கற ஆளுங்க, பார்த்துக்கோங்க.

நான் எதுக்குப் போனேன்னா, சோறாக்கறதுக்கு. எங்க வீட்டுக்காரரும் அவரு கூட்டாளிகளும் பதினஞ்சு பேரு இருக்கும். "கடைச் சோறு கொழுந்தனுக்கு ஒத்துக்காது, நீயும் வா. அம்மா குழந்தையைப் பார்த்துக்குவாங்க"ன்னு சின்ன யானை வண்டியில அண்டாவோட என்னையும் ஏத்திட்டாரு. அத்தை பார்த்துக்கறேன்னு வந்தாங்க. பார்த்துக்கிட்டாங்க, ரேஸை. மிருது என் இடுப்புலதான் இருந்தா. சனிக்கிழமை மத்தியானம் அரிசிம் பருப்புச் சோறு ஆக்கி இறக்கினா, காத்துல வந்த புழுதி அத்தனையும் அண்டாவுக்குள்ளதான். ஒருத்தனாவது கவனிச்சானா? "அக்கா, இன்னிக்கு அரிசிம் பருப்பு தனி ருசி"ங்கறான். மண்ணுடா அது!

இப்பத்தான் விசயத்துக்கு வர்றேன். கேட்டுக்கோங்க.

காருல முன்கண்ணாடி இல்லைன்னு சொன்னேனல்லோ. முன்னாடி போற காரு வாரி எறியற சேறெல்லாம் பின்னாடி வர்றவரு மூஞ்சியிலதான் வந்து அடிக்கும். அதுக்காகத் தலைக்கவசத்துக் கண்ணாடி மேல மெலிசா ஒரு தாளு ஒட்டறாங்க. பிளாஸ்டிக் தாளு, பாம்புச்சட்டை மாதிரி இருக்கும். அதுக்கு இங்கிலீஷுல என்னமோ பேரு, எனக்கு வாயில நுழையாது, தாளுன்னே வெச்சுக்கங்க. ஒண்ணு மேல ஒண்ணா நாலு தாளு. ஒவ்வொண்ணுக்கும் காதோரமா ஒரு சின்ன வாலு நீட்டிட்டு இருக்கும். சேறடிச்சுக் கண்ணு மறைஞ்சா வாலைப் புடிச்சு ஒரு இழுப்பு, மேல் தாளு அழுக்கோட பறந்துரும், அடியில புதுத் தாளு பளிச்சுன்னு இருக்கும்.

இதை ஒட்டறதுக்கு அத்தனை ஆம்பளைங்களுக்கும் கை வரலைங்க. எங்க வீட்டுக்காரரு ஒட்டினா உள்ள காத்து நிக்குது. இன்னொருத்தர் ஒட்டினா தாடி முடி உள்ள ஒட்டிக்கிச்சு. நான் தள்ளி நின்னு பார்த்துட்டு இருந்தேன். கொழுந்தனாரு என்னைப் பார்த்துட்டு, "அண்ணி, நீங்க தறியில இழை முடியற கை. ஒரு தடவை ஒட்டிப் பாருங்களே"ன்னாரு. எனக்கு வெக்கமாப் போச்சு. அத்தனை பேரும் பார்க்கறாங்க. முந்தானையால கையைத் துடைச்சுட்டு ஒட்டினேன். ஒரு குமிழி இல்லை. ஒட்டினதே தெரியலை. நாலு வாலும் ஒண்ணுக்கொண்ணு ஒரு நூலு தள்ளித் தள்ளி, படிக்கட்டு மாதிரி. அதுக்கப்புறம் சனிக்கிழமை பூராவும் நான்தான் ஒட்டினேன். மூணு ஓட்டம் ஓட்டினாரு, மூணுலயும் தாளு ஒட்டினது நான்தான். அதுல பெருமை ஒண்ணும் இல்லைங்க. பக்கத்து டீம்காரங்க ரெண்டு பேரு வந்து, "எங்களுக்கும் ஒட்டிக் குடுங்க தங்கச்சி"ன்னாங்க. முடியாதுன்னுட்டேன். பேச வராதவ, அன்னைக்கு எப்படியோ வந்துருச்சு.

சனிக்கிழமை பொழுதோட, ஓட்டமெல்லாம் முடிஞ்சதும், நாளைக்குக் கடைசி ஓட்டத்துக்குன்னு புதுசா நாலு தாளு ஒட்டி வெச்சேன். பாக்கெட்டுல இருந்ததே அந்த நாலுதான். "எதுக்குங்க நாலு?"ன்னு கேட்டேன். "அழுக்கானா கிழிச்சுப் போடறதுக்கு அண்ணி"ன்னாரு. இந்த வார்த்தையை ஞாபகம் வெச்சுக்கோங்க. அழுக்கானா, கிழிக்கறதுக்கு.

ஞாயித்துக்கிழமை காலையில எங்க அத்தை பூசை போட்டாங்க. காருக்குப் போட்டாங்க, சரி. எலுமிச்சம்பழம் வெச்சாங்க, சரி. தலைக்கவசத்தை எடுத்து மடியில வெச்சு, பெரியம்மை வந்த குழந்தையைப் பார்க்கற மாதிரி பார்த்துட்டு, "எம் பையன் மொகத்துக்கு நேரா இருக்கறது இதுதானே"ன்னு அந்தக் கண்ணாடி நடுவுல மூணு விரல்ல சந்தனத்தை அப்பி, அதுக்கு மேல குங்குமம் வெச்சுட்டாங்க. பொட்டுன்னா சின்னப் பொட்டு இல்லைங்க. ஆனைக்கு வைக்கற மாதிரி.

எனக்குத் திக்குன்னு ஆயிப்போச்சு. அதை வெச்சுட்டு அவரு எப்படிப் பார்ப்பாரு? அத்தைகிட்டச் சொல்ல முடியுமா? மருமக, சாமி காரியத்துல வாயைத் திறந்தா அப்புறம் அந்த வருசம் பூராவும் மழை பேயாததுக்கும் நான்தான் காரணம். துடைக்கலாமான்னா, பூசை போட்ட சந்தனத்தைத் துடைக்கக் கூடாதே. உங்க வீட்ல எப்படியோ, எங்க வீட்ல காஞ்சு தானா உதிர்ந்தாத்தான். அப்பத்தான் எனக்கு யோசனை வந்தது. அத்தை அந்தப் பக்கம் போனதும், மேல் தாளை வாலைப் புடிச்சு நைசா உரிச்சேன். சந்தனம் கலையலை, குங்குமம் கலையலை, அப்படியே தாளோட வந்துருச்சு. அதை மடிக்காம, பூசைத்தட்டுல சாமி படத்துக்குப் பின்னால வெச்சுட்டேன். சாமிக்கும் குத்தமில்லை, கண்ணாடியும் சுத்தம். நம்ம அறிவு என்னன்னு எனக்கே அன்னைக்குத்தான் தெரிஞ்சதுங்க.

கொஞ்ச நேரத்துல அத்தை திரும்பி வந்தாங்க. பார்த்தாங்க. பொட்டைக் காணோம். என்னைப் பார்த்தாங்க. நான் வெங்காயத்தைப் பார்த்தேன். மறுபடியும் மூணு விரலு, மறுபடியும் ஆனைப் பொட்டு. போயிட்டாங்க. நான் என்ன பண்றது? மறுபடியும் உரிச்சேன், மறுபடியும் தட்டுல வெச்சேன்.

சோத்துக்கு அப்புறம் மூணாவது தடவையும் வெச்சாங்க. மூணாவது தடவையும் உரிச்சேன். அதுக்கப்புறம் அவங்க சந்தனம் தீர்ந்து போச்சு, நல்லவேளை. கடைசியில தலைக்கவசத்தை எடுத்து முந்தானையால ஒரு துடை துடைச்சேன் பாருங்க, மூஞ்சி பார்க்கலாம். அவரு வந்து கேட்டப்ப அதைக் கையில குடுத்தேன். "சுத்தமா இருக்குதுங்களா?"ன்னேன். "கண்ணாடி மாதிரி இருக்குது அண்ணி"ன்னாரு. கண்ணாடிதானே அது.

ஓட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி தண்ணி டேங்கர்காரன் தடம் பூராவும் தண்ணி விட்டான். புழுதி அடங்கறதுக்காம். புழுதி அடங்கறதுக்குக் கொஞ்சமா விடுவாங்களா, நாத்து நடற மாதிரி விட்டுட்டான். பத்துக் காரு ஒண்ணாக் கிளம்புச்சு. சத்தம்னா சத்தம், மிருது என் கழுத்தைக் கட்டிக்கிட்டா. மொத சுத்துல கொழுந்தனாரு நாலாவது. ரெண்டாவது சுத்துல ரெண்டாவது. மூணாவது சுத்துல ஒரு கை ஸ்டீரிங்குல, ஒரு கை காதோரம், தாளைப் புடிச்சு ஒரு இழுப்பு. பறந்து போச்சு. அடுத்த வளைவுல எல்லாருக்கும் முன்னாடி வந்துட்டாரு! நான் சும்மாதான் நின்னுட்டு இருந்தேன். பக்கத்துல நின்ன பொம்பளை அப்புறமா, "ஏன் கண்ணு, இப்பிடியா கத்துவே, என் காதே போச்சு"ன்னா. அவ வேற யாரையோ சொல்லியிருப்பா.

அஞ்சாவது சுத்துலயும் முன்னாடி. ஆறாவது சுத்துல ஒரு சுத்து பின்தங்கின காரு ஒண்ணு குறுக்க வந்து, அது வாரியடிச்ச சேறு முழுசும் அவரு மூஞ்சியில. கையைத் தூக்கினாரு. காதோரம் தடவறாரு. மறுபடியும் தடவறாரு. கொசு அடிக்கறவரு மாதிரி தடவறாரு, தடவறாரு, ஒண்ணும் வரலை. மைக்குக்காரன் வேற, "நவநீதன் ரசிகர்களுக்குக் கையசைக்கிறார்!"ங்கறான். அப்புறம் கை உறையாலயே தேய்ச்சாரு. சேத்தைத் தேய்ச்சா என்னாகும்? சுவத்துல சாணி பூசின மாதிரி ஆயிருச்சு. வளைவு எங்கே இருக்குதுன்னு தெரியாம நேரா விட்டுச் சோளத்தட்டுக்குள்ள போய்ச் சொருகிட்டாரு.

ஆளுக்கு ஒண்ணும் ஆகலைங்க. அந்தக் கோழிக்கூடை காப்பாத்திருச்சு. ஆனா ஓட்டம் போச்சு. கடைசி ஓட்டம். ஏழு வருசமா ஓட்டறாரு, ரெண்டாவது வந்திருக்காரு, மூணாவது வந்திருக்காரு, முதல்ல வந்ததே கிடையாது. உங்க பொண்ணுக்காக இதோட நிறுத்தறேன்னு சொல்லிட்டு வந்த ஓட்டம். இன்னும் ரெண்டு சுத்து நேரா விட்டிருந்தாப் போதும்.

காரை இழுத்துட்டு வந்து நிறுத்தினதும் எங்க வீட்டுக்காரரு குதிச்சாரு பாருங்க. "எவன்டா தாளு ஒட்டினது? நாலு தாளு ஒட்டச் சொன்னா எங்கடா தாளு?" கூட்டாளிங்க எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கறாங்க. நான் தார்ப்பாய்க்குப் பின்னால போய் நின்னுக்கிட்டேன். தப்பு பண்ணினதால இல்லைங்க, அவரு சத்தம் போட்டா எனக்கு எப்பவும் அப்படித்தான்.

கொழுந்தனாரு தலைக்கவசத்தைக் கழட்டினாரு. மூஞ்சி பூராவும் சேறு, கண்ணு ரெண்டும் மட்டும் வெள்ளையா. இப்படிச் சுத்திப் பார்த்தாரு. அத்தையைப் பார்த்தாரு, அத்தை கையில காலிச் சந்தனக் கிண்ணம். என்னைப் பார்த்தாரு. கொஞ்ச நேரம் பார்த்தாரு. அப்புறம் அண்ணன்கிட்டத் திரும்பி, "யாரும் ஒண்ணும் பண்ணலைண்ணா. அவசரத்துல நான்தான் நாலையும் ஒண்ணாச் சேத்துப் புடுங்கிட்டேன்"ன்னாரு.

கேட்டீங்களா! நாலையும் ஒண்ணா! ஏழு வருசமா ஓட்டற மனுசன்!

சிரிச்சாங்க பாருங்க, அந்தக் காடே சிரிச்சது. மைக்குக்காரனுக்குச் செய்தி போயிருச்சு. "நாலு தாளையும் ஒரே இழுப்பில் இழுத்த நம்ம நவநீதன்!"னு ஊருக்கெல்லாம் சொன்னான். அன்னையில இருந்து அவரு பேரே 'நாலு தாளு'ன்னு ஆயிப்போச்சு. அவரு வெச்சிருக்கற ஒர்க்ஷாப்புக்கு வர்றவன், போறவன், "ஏனுங் நாலு தாளு, பஞ்சர் ஒட்டணும், ஒண்ணு ஒண்ணா ஒட்டுவீங்களா, சேத்தே ஒட்டுவீங்களா?"ங்கறான். அவரும் சிரிச்சுட்டே போறாரு. ரோசம் வேண்டாம் ஒரு மனுசனுக்கு? எனக்கே சிரிப்பு வந்துருச்சுன்னா பார்த்துக்கோங்க.

அதுலயும் ஒரு வேடிக்கை சொல்றேன். நாலையும் சேத்துப் புடுங்கினேன்ங்கறாரே, அதுல இருந்ததே ஒண்ணுதானே? மூணு என்கிட்ட இருக்குது. ஒண்ணைப் புடுங்கிட்டு நாலுன்னு சொல்றாரு. பிளஸ் டூ படிச்சவரு, கணக்கு அந்த லட்சணத்துல இருக்குது. நான் எட்டாவதுதான், எனக்குத் தெரியுது.

திங்கக்கிழமை தண்ணித்தொட்டிகிட்டத் தலைக்கவசத்தைக் கழுவிட்டு இருந்தாரு. பக்கத்துல யாரும் இல்லை. "அண்ணி, சனிக்கிழமை எத்தனை தாளு ஒட்டுனீங்க?"ன்னு மெதுவாக் கேட்டாரு. "நீங்க சொன்ன மாதிரி நாலு"ன்னேன். "அப்புறம்?"னாரு. "அப்புறம் என்ன, அத்தை சந்தனம் வெச்சாங்க, அழுக்காச்சு. அழுக்கானா கிழிக்கறதுன்னு நீங்கதானே சொன்னீங்க, கிழிச்சேன். ஆனா தூக்கிப் போடலைங்க, பத்திரமா இருக்குது"ன்னு உள்ள போய்ப் பூசையறையில இருந்து மூணையும் எடுத்துட்டு வந்து குடுத்தேன். பொட்டு கலையாம இருந்துச்சு. "சாமி பொருளு, காலு படற எடத்துல வெச்சுராதீங்க"ன்னேன்.

அதை வாங்கி ஒண்ணொண்ணா வெளிச்சத்துல தூக்கிப் பார்த்தாரு. சிரிக்க ஆரம்பிச்சாரு பாருங்க, தொட்டித் திட்டுல உக்காந்துட்டாரு. கண்ணுல தண்ணியே வந்துருச்சு. நான் பயந்துட்டேன், சோளத்தட்டுக்குள்ள சொருகினப்பத் தலையில ஏதாச்சும் அடிபட்டிருச்சோன்னு. அப்புறம் மூணையும் சட்டைப் பையில வெச்சுக்கிட்டு, "இதை யாருகிட்டயும் சொல்லாதீங்க அண்ணி. அம்மாகிட்டயும் வேண்டாம், அண்ணன்கிட்ட வேண்டவே வேண்டாம்"ன்னாரு. ஏன் சொல்லக்கூடாது? மூணு தடவை அம்மா சந்தனம் வெச்சும் தோத்துட்டோமேன்னு வெக்கம், வேற என்ன.

என்னங்க கேட்டீங்க? அண்ணன் முன்னாடியா சொன்னாரு, எல்லார் முன்னாடியுமான்னா? எல்லார் முன்னாடியுந்தான். அதைத்தானே சொல்றேன், அத்தனை பேரு முன்னாடி போய் எவனாவது சொல்லுவானா? என்னையா? என்னை எதுக்குங்க திட்டணும், நான் என்ன பண்ணினேன்? ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஞாயித்துக்கிழமை பொழுதோட சின்ன யானையில திரும்பி வர்றப்ப, மிருதுவை அவரு மடியில வாங்கிக்கிட்டு, "அண்ணி, ரெண்டு நாளா நீங்கதான் ரொம்ப அலைஞ்சீங்க, தூங்குங்க"ன்னாரு. அவ்வளவுதான்.

விட்டுட்டாரா இல்லையான்னுதானே கேட்டீங்க? விட்டுட்டாருங்க, சத்தியமா. அதுதான் எனக்கு வயித்தெரிச்சல். கூட்டாளிங்க அத்தனை பேரும் கேட்டாங்க, "மாப்ள, அடுத்த மாசம் ஒண்ணு இருக்குது, ஒண்ணே ஒண்ணு ஓட்டி ஜெயிச்சுட்டு விட்டுரு. பொண்ணு வீட்டுக்குத் தெரியவா போகுது"ன்னு. எங்க வீட்டுக்காரரே சொன்னாரு. "சொன்னாச் சொன்னதுதாண்ணா"ன்னுட்டாரு. காரோட சாவியை அண்ணன் கையில குடுத்துட்டாரு. இதெல்லாம் ஒரு பிடிவாதமா? ஜெயிக்காமயே விட்டவன்னு பேரு வாங்கறதுக்கு, ஒரே ஒரு ஓட்டம் போய் ஜெயிச்சுட்டு வந்தா என்ன? தண்ணி கம்மியா விடச் சொல்லி, நல்ல தாளா வாங்கி ஒட்டி... எனக்கென்ன வந்துச்சு. சுத்திச் சுத்தி வர்ற கிறுக்கனுங்க. அந்த மூணாவது வளைவுல மட்டும் கொஞ்சம் உள்ளடிச்சுத் திருப்பியிருந்தா, அந்தக் குறுக்க வந்த காரு கிட்டயே வந்திருக்காது. யாரு சொன்னாக் கேக்கறாங்க.

அட, ஏனுங்கக்கா எந்திரிச்சுட்டீங்க? ஒப்புட்டு ஒண்ணு சூடா இருக்குது, சாப்பிட்டுட்டுப் போங்க. நான் ஏதாச்சும் அதிகமாப் பேசிட்டனா? பேசிட்டேன். அத்தை வாயைத் திறக்காதேன்னுதான் சொன்னாங்க. இங்க பாருங்க, கணக்குத் தெரியாதுன்னு சொன்னதை மனசுல வெச்சுக்காதீங்க. ரோசமில்லைன்னு சொன்னதையும் விட்டுருங்க. குணம் நல்ல குணந்தான், விவரந்தான் பத்தாது. அதெல்லாம் ஒரு பொண்ணு வந்தாச் சரியாயிரும். ஏனுங்க சிரிக்கறீங்க? கதவோரமா நின்னுட்டு அங்க யாருக்குத் தலையாட்டறீங்க, உங்க அண்ணனுக்குங்களா? வேண்டாம்னா ஆட்டறீங்க? அக்கா, கெஞ்சிக் கேக்கறேன், ஒத்தை ஆளாக் கிடந்து சாகறேன், கொஞ்சம் யோசிச்சு...

"வாசுகீ! அம்மிணி, எங்கிருக்கறே? சம்மந்தி சரின்னுட்டாங்க, வெத்தலை பாக்குத் தட்டத்தை எடுத்துட்டு ஓடியா!"

சரின்னுட்டாங்களா? இதோ வர்றேனுங்கத்தை! கையைக் கழுவிட்டு... அக்கா, எப்படிங்க? நான் இன்னும் முடிக்கவே இல்லையே. சரி, நல்லதுதான், சாமி புண்ணியம். அந்தச் செம்பை இப்படித் தள்ளுங்க. ஒண்ணே ஒண்ணு மட்டும் உங்க பொண்ணுகிட்டச் சொல்லி அனுப்புங்க, எல்லாத்தையும் நான் பார்த்துக்கறேன், வந்ததும் வராததுமா வீட்டுக் கணக்கை மட்டும் அவரு கையில குடுத்துர வேண்டாம்னு!